பிடித்தால்தான் நிற்கும் முயல்

பொம்மைக்குக் கண் தெரியுமா? அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றி என்ன ஆகப்போகிறது? டூர் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டூர் அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். சூடான உருளைகளுக்கு நடுவே கசங்கலாக நுழையும் பெட்ஷீட்டுகள் மறுபக்கம் விறைப்பாக வரும். அவற்றை மடித்து அடுக்குவது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த உருளைதான் அவளுடைய இடது கையின் நடு விரல்கள் இரண்டைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவள் வெளியே கிளம்பினால் இடது கை தோள்பைக்குள் போய்விடும். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் வெளியே வராது.

டூர் அக்கா என்ற பெயர் பொம்மைகளால் வந்தது. ஊர் ஊராகப் போக முடியாதவர்கள் சிலர் தங்கள் பொம்மையைப் பார்சலில் வேறு ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே அதை விருந்தாளியாக ஏற்றுக்கொள்பவர் ஊரைச் சுற்றிக் காட்டி, படம் எடுத்து இணையத்தில் போட்டு, அடுத்த ஊருக்கு அனுப்பிவைப்பார். படத்தில் பொம்மைதான் இருக்க வேண்டும், ஆட்கள் முகம் காட்டக் கூடாது. இந்த விதி அக்காவுக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

எத்தனையோ கரடிகளும் யானைகளும் அவளோடு பாலத்தையும் மிருகக்காட்சி சாலையையும் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. சாய்கிற பொம்மைக்கு முதுகில் ஒரு துணிக் கிளிப், வழுக்குகிற பொம்மைக்கு அடியில் ஒரு உருண்டை களிமண். எதையும் அவள் கையில் பிடித்துப் படம் எடுத்ததில்லை. வலது கையில் போன் இருக்கும். பிடிப்பதென்றால் இடது கைதான்.

அப்போதுதான் அந்தத் துணி முயல் வந்து சேர்ந்தது. அதன் சொந்தக்காரர் வெளியூரில் வருடக்கணக்காக ஒரே தடத்தில் பஸ் ஓட்டும் டிரைவர். தன் ரோடு மாறப்போவதில்லை, முயலாவது நாலு ஊர் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு வேண்டுகோள்: துணி நைந்துவிட்டது, கிளிப் போட்டாலோ கட்டினாலோ கிழிந்துவிடும், தயவுசெய்து கையில் பிடித்தே படம் எடுங்கள்.

அக்கா முயலை மேசைமேல் உட்காரவைத்துப் பார்த்தாள். எலும்பில்லாத ஜென்மம். மூக்கு போய்க் காலைத் தொட்டது. எங்கும் கூட்டிப்போகாமல் அப்படியே அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

நாத்தனார் கேலி பேசிக்கொண்டே உதவிக்கு வந்தாள்.

"ஏன் அண்ணி, என்னை ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போக உங்களுக்கு நேரமில்ல, இந்தத் துணிமூட்டைக்கு மட்டும் ஊர்வலமா? சரி வாங்க, நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்தாள்தான். ஆனால் முயலைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். தள்ளிப் பிடி என்றால் தலையும் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், படங்களில் முயலைத் தேட வேண்டியிருந்தது. அக்காவின் கணவர் போனைத் தூர நீட்டிப் பார்த்துவிட்டு, "இதை அந்த டிரைவருக்கு அனுப்பாதே, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பு" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா தனியாகக் கிளம்பினாள். மணிக்கூண்டுச் சதுக்கத்தில் நல்ல கூட்டம். பைக்குள்ளேயே முயலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு கையை வெளியே எடுத்து நீட்டினாள். கழுத்தைப் பிடித்தால்தான் முயலின் தலை நிமிர்ந்தது. சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடப் பார்த்தாள், முயல் நழுவியது. வேறு வழியில்லாமல் அப்படியே எடுத்தாள். பாலத்திலும் ஆற்றங்கரையிலும் அதே கதை. வீட்டில் படத்திலிருந்து கையை மட்டும் வெட்டிவிடப் பார்த்தாள், பாதி முயலும் கூடவே போயிற்று. படங்களைப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் டிரைவரின் பதில் வந்திருந்தது.

"எல்லாப் படமும் நல்லா இருக்கு. மணிக்கூண்டு படத்துல மட்டும் இவனோட வலது காது உங்க கட்டைவிரலுக்குப் பின்னால போயிடுச்சு. முடிஞ்சா இன்னொண்ணு எடுங்க. விரலைக் கொஞ்சம் கீழே இறக்கினா போதும்."

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கையைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்குமென்று தேடினாள். இல்லை. இல்லாத விரல்களை விட்டுவிட்டு, இருக்கிற கட்டைவிரலை அந்த மனிதர் குறை சொல்லியிருந்தார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், அவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தில் குற்றமா என்று கோபமும் வந்தது.

அடுத்த விடுமுறையன்று அவள் மறுபடி கிளம்புவதைப் பார்த்து, மணிக்கூண்டுக்குத்தான் போய்விட்டு வந்தாயே என்று கணவர் கேட்டார்.

"காது தெரியலையாம்" என்றாள் அக்கா.

பைக்குள் வைத்தால் முயல் இன்னும் தொய்ந்துவிடும் என்று தோன்றியது. அதை இடது கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கையையோ காலையோ முகத்தையோ இப்படி ஒளித்துவைத்துக்கொண்டு நடமாடுகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். புத்திமதியாகச் சொல்ல வேண்டாம். முயல் கதையாகவே சொல்லுங்கள்.