இரண்டு கார்புரேட்டரும் என் காதும்

எங்கள் கார் மலாக்காவின் அலோர் காஜா டிராஃபிக் லைட்டில் மூன்றாவது முறையாக நின்றுபோன அன்று பின்சீட்டில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அவரை புக்கிட் காத்திலில் இருந்த எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தோம். பச்சை விழுந்தது. பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். என் கணவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்து, மறுபடி தொய்ந்து, சாகப்போவதுபோல் இருமி, எப்படியோ பிழைத்துக் காரை நகர்த்தியது.

"ஏன் மாப்ள, பழைய எஞ்சினு நல்லாத்தானே ஓடுச்சு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

என் கணவர் பதில் சொல்லவில்லை. வெட்கத்தில் பேசாமல் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவர் டுரியான் துங்கால் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். ஆலையின் எஞ்சின் அறையில் ஆறு வருடம் வேலை செய்தவர். கையில் கிடைத்த எதையும் பிரித்துப் பார்த்துத் திருப்பிச் சேர்க்காமல் தூங்க மாட்டார். எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஜப்பான் கார். சின்னது, நான்கு கதவு, வெளுத்துப்போன நீல நிறம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களின் உறுப்புகளை விற்கும் கடை ஒன்றில் அவர் ஒரு பெரிய எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எட்டு மாதம் எங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச் பட்டறையாகவே ஆகிவிட்டது.

எஞ்சினை மாற்றியதோடு நிற்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினார். அந்த இரண்டும் வேறொரு எஞ்சினுடையவை என்பதால் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் வைக்க அலுமினியத்தில் ஒரு கனத்த தகடு செய்தார், முழுக்க முழுக்கக் கையாலேயே அராவி. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் என்கிற தண்டையும் மாற்றினார். எல்லாவற்றையும் கழுவி, வரிசையாகப் பழைய நாளிதழ்மேல் அடுக்கி வைத்திருப்பார். நான் கோலம் போடும்போது அவற்றைச் சுற்றித்தான் போட வேண்டியிருந்தது.

எஞ்சின் முதன்முதலில் உயிர் பெற்ற நாளில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கூட வேலி ஓரமாக வந்து நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஓடும்போது அந்தக் கார் ஓர் அழகு. ஆயர் குரோ ஏற்றத்தில் புதுக் கார்கள் திணறும்போது நாங்கள் சிரித்துக்கொண்டே போவோம். நின்றால்தான் தொல்லை. டாஷ்போர்டின்மேல் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்ட அவர் பொருத்தியிருந்த சுற்றுமானியில் ஊசி ஆயிரத்தைந்நூறுக்கு ஏறும், நானூறுக்கு இறங்கும், மறுபடி ஏறும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும். கால் மணி நேரம் ஓடிச் சூடானதும் ஆட்டம் தொடங்கிவிடும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் அதோடு மல்லுக்கட்டினார். பிளக் மாற்றினார், கார்புரேட்டரின் ஜெட் மாற்றினார், டைமிங்கை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். கடைசியில், அவருக்குத் தெரிந்த ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் காரைக் கொண்டுபோனோம். அதன் முதலாளி எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். பானட்டைத் திறந்து பார்த்தார், இரண்டு திருகைத் திருகினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, வேல நல்லா செஞ்சிருக்க. ஆனா இது ஒண்ணோட ஒண்ணு சேராத சாமான் லா. பழைய எஞ்சினையே திருப்பிப் போட்டுரு. ஃபேமிலியோட போற காரு."

அங்கிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். என் கணவர் பானட்டை மூடிவிட்டுக் காரில் ஏறினார்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன மின்விசிறி மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் நான் ஆபரேட்டர். என் இடம் ஒலிச் சோதனை அறை. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டுக் காதால் கேட்டுத் தேற வைக்க வேண்டும் அல்லது தள்ள வேண்டும். ஐந்து வருடம் அதைச் செய்திருந்தேன். பேரிங்கில் ஒரு தூசி இருந்தாலும் எனக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றி நான் பெரிதாகப் பேசியதில்லை. பட்டன் அழுத்துகிற வேலை என்றுதான் உறவில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போர்ச்சில் காரை ஓடவிட்டு, பானட்டுக்குள் குனிந்து நின்றிருந்தார். சிறிது நேரத்தில் எஞ்சின் சத்தத்துக்கு அடியில் வேறொன்று கேட்டது. மெல்லிசாக, பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல ஒரு சீறல். முதலில் இல்லாமல் இருந்து, பிறகு வந்து சேர்ந்தது. அது வந்ததும் ஊசியின் ஆட்டமும் தொடங்கியது.

ஈரத் துணியோடு அருகில் போனேன். "என்னங்க, ஸ்ஸுன்னு சீறுதே, அது என்ன?"

"எது?"

"இப்ப கேக்குது பாருங்க. காத்து இழுக்கிற மாதிரி."

அவர் தலையைச் சாய்த்தார். "ஆமா, ஆமா. ஃபேன் பெல்ட்டு" என்று முன்பக்கத்தைக் காட்டினார்.

சத்தம் வந்தது பின்பக்கத்திலிருந்து. அவர் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில்.

அந்த நொடியில் பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கெட்டில் விசிலடித்தும் அவர் எழுந்து போகாமல் தண்ணீர் வற்றியது. கொசு காதருகே பறந்தாலும் விரட்டாமல் இருப்பது. அம்மாவின் தாழ்ந்த குரலுக்குப் பதில் சொல்லாதது. ஆறு வருடம் எஞ்சின் அறையில் நின்ற மனிதர். எஞ்சின் உறுமுவது அவருக்குக் கேட்கிறது, நான் பேசுவதும் கேட்கிறது. மெல்லிய ஒலிகள் மட்டும் அவரைவிட்டுப் போயிருந்தன. இந்தக் காரின் நோயோ அந்த மெல்லிய ஒலியில் இருந்தது.

உள்ளே போய் இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து வந்தேன். தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு கை நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். தொழிற்சாலையில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேட நாங்கள் செய்கிற அதே வழி. பின் கார்புரேட்டருக்குக் கீழே, அவர் செய்த அலுமினியத் தகட்டின் ஓரத்தில் குழாய் வந்ததும் சீறல் பெரிதாகக் காதில் ஏறியது.

"இங்கதான். இந்த எடத்துல கொஞ்சம் தண்ணி அடிச்சுப் பாக்கவா?"

அவர் என்னையே பார்த்தார். "அடி."

தெளித்தேன். சீறல் நின்றது. இரண்டு மூன்று வினாடி ஊசியும் ஓர் இடத்தில் நின்றது. தண்ணீர் காய்ந்ததும் மறுபடி ஆட்டம். இன்னொரு முறை தெளித்தேன். அதேதான்.

அவர் போய் எஞ்சினை அணைத்தார். போர்ச் திடீரென்று அமைதியானது. தெளித்த தண்ணீர் என் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சது?" என்றார். காரைப் பற்றிக் கேட்கவில்லை.

"இப்பத்தான்."

"எனக்கு ஒரு வருசமாத் தெரியும். ஃபிட்டருக்குக் காது போச்சுன்னா என்ன சொல்லுவாங்கன்னு..."

"அது எங்கன்னு நான் சொல்றேன். அது என்னன்னு நீங்க சொல்லுங்க. போதும்லா?" என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்தார்.

கழற்றிய தகட்டை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்த்தார். நடுவில் தொட்டு, ஒரு மூலையில் மெல்லிய இடைவெளி விட்டு நின்றது. ஆறியிருக்கும்போது நடுவில் வைத்த கேஸ்கெட் அட்டை அதை அடைத்துக்கொண்டது. சூடேறித் தகடு வளைந்ததும் அந்த வழியாகக் காற்று நுழைந்தது. "என் அரம்தான்" என்றார். கோபம் இல்லாமல், ஒரு தகவலைப்போலச் சொன்னார். கண்ணாடியின்மேல் உப்புத்தாளை விரித்து, தகட்டை எட்டுப் போடுவதுபோலத் தேய்த்தார். மதியச் சாப்பாடுவரை தேய்த்தார். பிறகு கொஞ்ச நேரம் நான் தேய்த்தேன். கடைசியில் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சிகரெட் தாள்கூடப் போகவில்லை. புது கேஸ்கெட்டை அட்டையிலிருந்து கத்தரித்ததும் நான்தான். ரவிக்கை வெட்டிப் பழகிய கை.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி எஞ்சினைச் சூடாக்கினோம். சீறல் இல்லை. ஆனாலும் எஞ்சின் முழுதாக அடங்கவில்லை. குழாயை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்டேன். இரண்டும் மூச்சு இழுத்தன, ஆனால் முன்னது பேராசைக்காரன்போல அதிகம் இழுத்தது.

"இது சத்தமா இழுக்குது. பின்னது கம்மி."

"அப்பன்னா காத்து சமமாப் போகல." ஒரு சின்னத் திருகைக் காட்டினார். "இதக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புறேன். ரெண்டும் ஒரே மாதிரி கேக்குறப்ப கையத் தூக்கு."

கண்ணை மூடிக்கொண்டேன். குழாயை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்தேன். அவர் கால் சுற்றுத் திருப்பினார், அரைக்கால் சுற்றுத் திருப்பினார். ஒரு கட்டத்தில் முன்னது எது, பின்னது எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கினேன். அதன் பிறகு பெட்ரோல் கலவைக்கான திருகுகள். அவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். எஞ்சின் குரல் கனத்தால் இடது கை, மெலிந்தால் வலது கை. ஒரு மணி நேரம் இருவரும் கையசைவிலேயே வேலை செய்தோம்.

கண்ணைத் திறந்தபோது அவர் கதவோரம் நின்று மானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி தொள்ளாயிரத்தைம்பதில் நின்றது. லேசாக ஒரு குலுங்கல் இருந்தது. "அது அந்தக் கேமோட கொணம்" என்றார். எவ்வளவு நேரம் அப்படியே பார்த்தோம் என்று தெரியவில்லை. ஊசி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. என் வாழ்க்கையில் நான் எத்தனையோ ஆயிரம் மோட்டார்களைத் தேற வைத்திருக்கிறேன். அன்று தேறியதைப்போல எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரெம்பியா போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் அவராகவே காரை அந்த வொர்க்‌ஷாப் பக்கம் திருப்பினார். எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். அண்ணே வெளியே வந்து பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். போன முறை சிரித்தவர்களும் பக்கத்தில் வந்தார்கள்.

"யாருகிட்ட டியூன் பண்ண? மலாக்கா டவுன்லயா?"

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "இவங்கதான் பண்ணாங்க, அண்ணே. எனக்கு மெல்லிசு சத்தம் கேக்காது. மில்லுல காது போயிருச்சு. இவங்க கேட்டுச் சொன்னாங்க, நான் திருப்புனேன்."

அத்தனை ஆண்களுக்கு நடுவில் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணே என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே நின்றிருந்த ஒரு வேனைக் காட்டினார். "தங்கச்சி, ரெண்டு நாளா என் உயிர வாங்குது. இதக் கொஞ்சம் கேளுங்க."

சோதிக்கிறார் என்பது புரிந்தது. குழாய் காரிலேயே இருந்தது, எடுத்து வந்தேன். பத்து நிமிடம் கேட்டேன். "காத்து ஒழுகல. ஆனா முன்னாலேருந்து மூணாவது எடத்துல ஒண்ணு விட்டு விட்டு அடிக்குது. எதனாலன்னு எனக்குத் தெரியாது."

அண்ணே மூன்றாவது பிளக்கின் ஒயரைப் பிடுங்கினார். எஞ்சின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. மற்றவற்றைப் பிடுங்கியபோது தடுமாறியது. ஒயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உறைக்குள் வெடித்திருந்தது. உள்ளே போய், எனக்கு உட்கார ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார்.

அதன் பிறகு மாதம் இரண்டு மூன்று சனிக்கிழமையாவது அந்த வொர்க்‌ஷாப்பிலிருந்து போன் வரும். இரட்டைக் கார்புரேட்டர் வண்டி வந்தால் எங்கள் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். சில வாடிக்கையாளர்கள் சேலை கட்டிய ஒருத்தி குழாயோடு குனிவதைப் பார்த்து நெளிவார்கள். அண்ணே கண்டுகொள்ள மாட்டார். "பேசாம இருங்க, அவங்களுக்குக் கேக்கணும்" என்பார். தொழிற்சாலையில் என்னை ஒலிச் சோதனை அறைக்கே லைன் லீடர் ஆக்கினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் என் வேலை என்னவென்று உறவில் யாராவது கேட்டால், அப்போதெல்லாம் முழுதாகவே சொல்லத் தொடங்கியிருந்தேன்.

என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். எஞ்சின் அறையில் வேலை செய்யும் எல்லாருக்கும் சத்தத்தைத் தடுக்கும் காது மூடி வேண்டும் என்று அவர் தன் ஆலை மேனேஜரிடம் கேட்டார். ஒரு முறை கேட்டுக் கிடைக்கவில்லை. நான் மலாயில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அறையில் வேலை செய்த பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி நிறையக் காது மூடிகள் வந்து இறங்கின. அன்று வேலை முடிந்து வந்தவர் அவற்றில் ஒன்றைத் தலையிலிருந்து கழற்றாமலேயே வீட்டுக்குள் நுழைந்தார். நான் என்னவோ கேட்டேன். அவர் காது மூடியைக் கையால் தட்டிக் காட்டிச் சிரித்தார்.