அவருக்கு நான் தேர்ந்தெடுத்த விமானம்

சென்னையில் தனி விமானங்களை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஒரு சிறிய ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கே போகவேண்டும், எத்தனை பேர், இறங்கும் ஊரில் ஓடுதளம் உண்டா என்று கேட்டு, எந்த விமானம் சரிப்படும் என்று சொல்வதுதான் என் வேலை. சொந்த ஊர் அரியலூர் பக்கம் கீழப்பழுவூர். அதனால் அதே மாவட்டத்து மீன்சுருட்டியிலிருந்து அழைப்பு வந்தபோது கொஞ்சம் உரிமையோடு பேசினேன்.

பேசியவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகன். அவருடைய அப்பாவுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்ற கண்ணிலும் விழித்திரை பிரியத் தொடங்கியிருந்தது. ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ மூடிக்கொண்டு வருவதாகச் சொன்னாராம். அந்தக் கண்ணுக்கு முன்பே அறுவை செய்த டாக்டர் ஹைதராபாதில் இருந்தார். உடனே கூட்டிவரச் சொல்லியிருந்தார். வழக்கமான விமானங்களில் அன்று இடமில்லை.

"உங்க அப்பாவா இருந்தா எதுல அனுப்புவீங்களோ, அதையே சொல்லுங்க மேடம்" என்றார் மகன்.

பெரியவரே போனை வாங்கி, ஹெலிகாப்டர் என்றால் ஊர்ப் பள்ளி மைதானத்திலேயே இறங்குமா என்று கேட்டார். இறங்கும், ஆனால் அனுமதி வாங்கவே ஒரு நாள் போய்விடும், வழியில் எரிபொருளும் நிரப்பவேண்டியிருக்கும் என்றேன்.

"அது தாழப் போவும்ல? நம்ம முந்திரிக் கொல்லைய மேலேர்ந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னு நெனச்சேன்."

"கண்ணு சரியாவட்டுங்கய்யா. அப்புறம் நானே ஹெலிகாப்டர் ஏற்பாடு பண்ணித் தரேன்" என்றேன்.

புரொப்பெல்லர் வைத்த சிறிய விமானம் ஒன்றும் கிடைத்தது. சற்றுத் தாழ்வாகப் பறக்கும், ஆனால் மெதுவாகப் போகும். நான் ஜெட்டைச் சொன்னேன். கண் விஷயத்தில் வேகம்தான் முக்கியம்.

அவர்கள் ஏறவேண்டிய திருச்சி விமான நிலையத்துக்கு வழியனுப்ப நானும் போயிருந்தேன். மழைக்காலம். மகனின் கையைப் பிடித்து ஏறியவர், பார்வை இருந்த பக்கம் ஜன்னல் வருகிற இருக்கையாகக் கேட்டு உட்கார்ந்தார். விமானம் எழும்பிய வேகத்தில் மேகத்துக்குள் போய் மறைந்தது. ஹைதராபாத் வரைக்கும் அப்பா ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கவே இல்லை, வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று மகன் பிறகு சொன்னார்.

அன்றே அறுவை நடந்தது. பார்வை திரும்பவில்லை. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்ததால் திரும்பி வர விமானம் கூடாது என்றார்கள். அந்த வாயு விழித்திரையை அழுத்திப் பிடிக்கவேண்டும் என்பதால் அரியலூர் வரை ரயிலில் குப்புறப் படுத்தபடியே வந்தார்.

சீக்கிரம் கூட்டிவந்தது சரிதான் என்று டாக்டர் சொன்னாராம். மகனும் எனக்கு நன்றி சொன்னார். ஆபீஸிலும் யாரும் குறை சொல்லவில்லை. அவர் என் அப்பாவாக இருந்தாலும் அந்த ஜெட்டைத்தான் சொல்லியிருப்பேன். இதையெல்லாம் எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை. எப்படியும் போகப்போகிற பார்வை என்றால், தாழப் பறக்கும் அந்த விமானத்தில் அனுப்பியிருந்தால் கடைசியாக அவர் பார்க்க நினைத்ததைப் பார்த்திருப்பாரே.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பஸ் ஏறி மீன்சுருட்டிக்குப் போய் அவரைப் பார்த்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். குரலிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன். "நீ என்னம்மா பண்ணுவ" என்று நிறுத்திவிட்டு, மேலேயிருந்து பார்த்தால் நம்ம பக்கம் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

சிமெண்ட் ஆலைக்காரர்களோடு ஒருமுறை அரியலூருக்கு ஹெலிகாப்டரில் வந்திருக்கிறேன். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் பச்சையாகத் தேங்கிய தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். முந்திரி மரங்கள் குடைகளை நெருக்கி வைத்தமாதிரி இருக்கும் என்றேன்.

"நம்ம மோட்டார் கொட்டாயி தெரியுமா? தகரம் போட்டிருக்கு."

"தெரியுங்கய்யா. வெயில்ல பளபளன்னு தெரியும்."

மீன்சுருட்டிக்கு மேலே நான் பறந்ததே இல்லை. அவர் கொல்லை இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரோடு எந்தப் பக்கமாக வரும் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.