வன்மையாகக் கண்டிப்பவர்

"'கண்டிக்கிறது'க்கு முன்னால 'வன்மையாக' போட்டாச்சா? இல்லன்னா ஒரு கெத்தே இருக்காது வே" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஞானதுரை கம்ப்யூட்டரைத் தட்டுகிறார். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர்தான் அந்த ஊர்த் திருச்சபையின் செயலர். சமூக நீதி குறித்து உங்கள் சபையின் நிலைப்பாடு என்னவென்று மேலிடம் கேட்டால் போதும், சபைக்கே தெரியாத நிலைப்பாட்டை டீ ஆறுவதற்குள் அடித்து முடித்துவிடுவார். கமிட்டியில் வாசிப்பார். எல்லாரும் கையைத் தூக்கி ஆமென் சொல்வார்கள். அப்புறம் வடை வரும்.

அவருடைய கோபத்துக்குத் தூரக் கணக்கு உண்டு. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தா வன்மையா கண்டிப்பேன். மெட்ராஸ்னா ஆழ்ந்த கவலை. தென்காசின்னா ஜெபத்துல தாங்குவோம். நம்ம தெருன்னு வையும், அடுத்த கமிட்டிக்கு ஒத்திவச்சிருவேன்!" தொப்பை குலுங்குகிற குலுங்கலில் மேசை மேலிருக்கும் ஸ்டேப்ளரும் ஆடும்.

இந்த வருடம் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துத் தீர்மானம். கீழத்தெரு பொன்செல்வி ஆதார் நகல் எடுக்க வந்தபோது, பெருமை தாங்காமல் முழுவதையும் வாசித்துக் காட்டினார். பொன்செல்வி அதே சபைக்காரர்; பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் மத்தியானம் அவர் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம அசனத்துக்கு இந்த வருசமும் நாங்க வெங்காயம் மட்டுந்தான உரிக்கணும்?"

ஞானதுரை கேட்டது ஒரு நகல் என்பதை மறந்து இரண்டு எடுத்தார். அசனம் என்பது சபையார் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. கீழத்தெருப் பெண்கள் முந்தின நாளே வந்து வெங்காயம் உரிப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். பரிமாறுகிற வாளியை மட்டும் தொட மாட்டார்கள். தொடக்கூடாதென்று யாரும் சொன்னதில்லை, தொடுங்கள் என்றும் சொன்னதில்லை. வருடா வருடம் சாம்பார் வாளியைத் தூக்குகிறவர் சாட்சாத் ஞானதுரையேதான்!

"இந்தத் தடவையும் அப்படித்தான்னா, எங்க தெருவுல ஒரு ஆளும் பந்தில உக்கார மாட்டோம். சொல்லிட்டேன்."

"கமிட்டில வைக்கேன், மக்கா" என்றார். வாய் பழகிவிட்டது, என்ன செய்ய!

வைக்கத்தான் செய்தார். "தீர்மானம் வேற, அசனம் வேற மச்சான். பந்தியில போயி வம்ப வளக்காதீரும்" என்றார் அவருடைய மைத்துனரும் சபைப் பொருளாளருமான ராஜமணி. ஞானதுரை மறுபேச்சில்லாமல் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினார். வடையையும் விட்டுவைக்கவில்லை. "என்னைய மாதிரி ஒரு சூரப்புலிய இந்த மாவட்டத்துலயே பாக்க முடியாது" என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தம்மைத்தாமே திட்டிக்கொண்டார். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. பந்தலில் இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டு போனார்கள். கீழத்தெருக் குடும்பங்கள் மொத்தமும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தன. ஞானதுரை சாம்பார் வாளியோடு முதல் வரிசையில் நின்றார். நின்றவர், வாளியோடு அப்படியே திரும்பி வாசலுக்கு ஓடினார். சாம்பார் தளும்பி, துவைத்துத் தேய்த்த வெள்ளை வேட்டியெல்லாம் மஞ்சள்.

"ஏ பொன்செல்வி, நில்லு மக்கா! இத பிடி. எனக்குக் கை வலிக்கி."

பொய். அது பொய்யென்று பொன்செல்விக்கும் தெரியும். அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வாளியை வாங்கிக்கொண்டார்.

"மச்சான், என்ன காரியம் செய்தீரு!" என்று பந்தலுக்குள்ளிருந்து ராஜமணி கத்தினார். ஞானதுரை நேராகப் போய் முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பந்தலே அவரைப் பார்த்தது. தீர்மானங்களுக்குத் தூக்கித் தூக்கிப் பழகிய வலது கையால் சோற்றின் நடுவே குழி பறித்து, பொன்செல்வி வரும்வரை காத்திருந்தார்.