தொண்டாமுத்தூரில் பன்னிரண்டு கட்டி கொசுறு

காலை ஆறு பத்துக்குத் தாராபுரத்தில் கோயமுத்தூர் பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் நான். பக்கத்தில் என் மருமகள் வனிதா, மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு ஃபைல். டிக்கெட் தலைக்கு எழுபது ரூபாய், தூரம் எண்பது கிலோமீட்டர். வீட்டில் கார் சும்மாதான் நின்றது. ஓட்டினால் காகிதம் படிக்க முடியாது என்று பஸ்ஸுக்கு வந்துவிட்டாள். நான் வந்த காரணம் வேறு. இவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இருபது வருடமாக ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இனிமேலாவது கொஞ்சம் குறைவாகப் பொய் சொல்லலாம்.

வனிதா வக்கீல். ஆனால் கறுப்புக் கோட்டோடு நான் பார்த்ததில்லை. லண்டனில் ஒரு வருடம் படித்தாள். சிங்கப்பூரில் ஒன்பது வருடம் பெரிய வக்கீல் ஆபீசில் இருந்தாள். இப்போது அவிநாசி ரோட்டில் மாடியில் ஒற்றை அறை, அதில் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. நம் ஊர்ச் சரக்கு கப்பலேறிப் போகிறது. விற்பவர் ஒரு நாடு, வாங்குபவர் இன்னொரு நாடு. பிரச்சினை வந்தால் எந்த நாட்டுச் சட்டம், யார் தீர்ப்பு சொல்வது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இவள் வேலை. அப்படி எழுதியும் பிரச்சினை வரும். அதைப் பேசித் தீர்ப்பதும் இவள்தான். கோர்ட் படியே ஏறாமல் என்ன வக்கீல் என்று முன்பு ஒருநாள் கேட்டேன்.

"கோர்ட்டுக்குப் போகாம பாத்துக்கறதுக்குத்தானுங்கத்தை எனக்குக் காசு குடுக்கறாங்க" என்றாள்.

குண்டடம் தாண்டியதும் இன்றைய விஷயத்தைச் சொன்னாள். தொண்டாமுத்தூரில் சரவணன் என்பவர் நார்த்தூள் கட்டி செய்கிறார். தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைக் காயவைத்து மெஷினில் அழுத்தினால் ஐந்து கிலோக் கட்டி. ஐரோப்பாவில் அதைத் தண்ணீரில் ஊறவைத்து மண்ணுக்குப் பதிலாகப் போட்டுச் செடி வளர்க்கிறார்களாம். மண்கூட இல்லாத ஊரா என்று கேட்டேன். அவள் ஃபைலில் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டாள்.

மூன்று வருடமாக ஒரே ஆள்தான் வாங்குகிறார். போன லோடை அங்கே துறைமுகத்தில் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். காகிதத்தில் இருப்பதைவிடப் பன்னிரண்டு கட்டி அதிகம். குறைந்திருந்தால் கோபப்படலாம், அதிகமானால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கணக்கில் காட்டாத சரக்கு ஒன்று வந்தாலும் சுங்கத்தில் கடத்தல் மாதிரிதான் பார்ப்பார்கள் என்றாள். கன்டெய்னரை நிறுத்திவைத்துவிட்டார்கள். வாங்குகிறவருக்கு ஆத்திரம். இன்று மாலைக்குள் நம்பும்படியாக விளக்கம் எழுத்தில் வரவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று எழுதியிருந்தார். அவர் போனால் சரவணன் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். அங்கே பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

பல்லடத்தில் ஏறிய ஓர் அம்மாள் எங்களோடு நெருக்கி உட்கார்ந்தார். ஃபைலைப் பார்த்துவிட்டு, "அம்மணி எந்தக் கோர்ட்டுலீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"கப்பல் கோர்ட்டுங்க" என்றேன்.

அண்ணனோடு பாகத் தகராறு இருக்கிறது, எடுத்து நடத்துவாளா என்றார். "தண்ணி மேல இருக்கற நெலம்னா பாப்பாளுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வனிதா என் தொடையில் கிள்ளிவிட்டாள்.

எட்டே முக்காலுக்குச் சிங்காநல்லூர். ஆளுக்கு மூன்று இட்லி, ஒரு காபி, இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். சட்னி மட்டும் கேட்கக் கேட்க ஊற்றினார்கள், அதனால் மன்னித்தேன். அங்கிருந்து உக்கடத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லை. உக்கடம் குளம் தளும்பிக் கிடந்தது. கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், வெயில் ஏறிய பிறகும் ஆட்கள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் அமராவதியில் பாதி வருடம் ஆற்றுக்குள்ளேயே நடக்கலாம், கரை எதற்கு?

அடுத்த டவுன் பஸ் பத்தே முக்காலுக்குத் தொண்டாமுத்தூரில் இறக்கிவிட்டது. மலை பக்கத்தில் வந்து நிற்கிறது. வழியில் ஒரு வாழைத்தோட்டம் யாரோ பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது. யானை வந்து போயிருக்கிறது என்று ஆட்டோக்காரர் சொன்னார். கொட்டகை வரைக்கும் அறுபது ரூபாய்.

சரவணன் வாசலில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், இரண்டு நாளாகத் தூங்காத கண். எண்ணும்போது கை தப்பிவிட்டது என்று எழுதிவிடுங்கள் என்று வனிதாவிடம் கெஞ்சினார். யார் எண்ணியது என்று கேட்டாள். ஸ்டெல்லா அக்காவைக் கைகாட்டினார். ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் சிலுவை, தலையில் துண்டு, முகமெல்லாம் நார்த்தூள். கொட்டகை ஆரம்பித்த நாளிலிருந்து லோடு அடுக்குவது அவர்தான்.

"தப்பலீங்க மேடம். மூணு தடவ எண்ணித்தான் ஏத்துனேன். மாதா மேல சத்தியம்" என்றார். குரல் நடுங்கவில்லை. பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், நானே கொஞ்சம் சொல்லுவேன். இவர் சொல்லவில்லை.

அதே ஆளுக்கு அனுப்ப வேண்டிய அடுத்த லோடு பாதியில் நின்றிருந்தது. லாரி மேல் கன்டெய்னர் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. வனிதா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். எப்போதும் செய்கிற மாதிரியே மீதியை ஏற்றுங்கள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். ஒரு கட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தும் விட்டாள். நானும் ஒன்றில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். பெண்கள் அடுக்கடுக்காக ஏற்ற, ஸ்டெல்லா ஒவ்வொரு அட்டியையும் தொட்டுத் தொட்டு எண்ணி, சிலேட்டில் கோடு போட்டார். கடைசி அட்டி ஏறியதும் கணக்கைச் சத்தமாகச் சொன்னார். காகிதத்தோடு அச்சாகச் சரி. சரவணன் முகம் விழுந்துவிட்டது.

ஸ்டெல்லா சிலேட்டைக் கீழே வைத்தார். பிறகு ஓரத்திலிருந்து இரண்டிரண்டு கட்டியாகத் தூக்கி வந்து, கதவோரத்தில் இருந்த சந்தில் செருகினார். பன்னிரண்டு. கையைத் தட்டிக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

வனிதா எழுந்து நின்றாள். "அதென்னுங்கக்கா?"

"எது? இதுங்களா? கொசுறுங்க."

"கணக்குல சேக்கலீங்களே?"

"கொசுறை யாருங்க கணக்குல சேப்பாங்க? கணக்கு வேற, இது வேறங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சரவணன் தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை லோடுக்கு வைத்திருக்கிறீர்கள் என்று வனிதா கேட்டாள். எல்லா லோடுக்கும் என்றார் ஸ்டெல்லா. அவ்வளவு தூரத்திலிருந்து நம்மிடம் வாங்குகிறார், கீரைக்காரியே ஒரு பிடி சேர்த்துக் கொடுக்கும்போது நாம் கொடுக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்போதுதான் நடந்தது புரிந்திருக்க வேண்டும். கண் நிறைந்துவிட்டது. "என்னாலயா கொட்டாயப் பூட்டப் போறீங்க?"

வனிதா அவர் தோளைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஃபைலைப் புரட்டினாள். மூன்று வருட ரசீதும் அதில் இருந்தது. ஒவ்வொன்றிலும் வாங்குகிறவர் 'எண்ணிக்கை சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு அதிகமாக வாங்கிக்கொண்டு, ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று இப்போது அவர் சொல்ல முடியாதாம்.

சரவணனுக்குப் பயம். கொசுறு என்று சொன்னால் சிரிப்பார்கள் மேடம், கை தப்பியது என்றே போடுங்கள் என்றார்.

"கை தப்புச்சுன்னா இன்னும் எதெது தப்புச்சோன்னு தோணுங்க. நடந்ததச் சொல்லிப்போடலாம்" என்றாள் வனிதா. தணிந்த குரல்தான். சரவணன் எழுந்து போய்ப் போனை எடுத்து வந்தார்.

ஒன்றே முக்காலுக்கு வாங்குகிறவர் வீடியோவில் வந்தார். அங்கே அப்போதுதான் காலை. சிவந்த முகம், காது வரைக்கும் கோபம். வனிதா இங்கிலீஷில் நிதானமாகப் பேசினாள். நடுவில் ஒரு ரசீதை மட்டும் எடுத்துக் காட்டினாள், குத்திக் காட்டவில்லை. அவர் மூக்கைச் சொறிந்தார். உடைந்துபோகிற கட்டிக்குப் பதிலாகச் சேர்த்து அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன் என்றாராம். உடையாததையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று வனிதா கேட்டாள். பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவாராம், பிள்ளைகள் தக்காளி வைத்திருக்கிறார்கள் என்றார். அதை வனிதா தமிழில் சொன்னதும், ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

மூன்றரை மணிக்குள் இரண்டு பக்கமும் சேர்ந்து சுங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கூடுதல் கட்டி இலவசம், ஒளித்தது இல்லை, கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிடுகிறோம் என்று. சுங்கத்தில் என்ன சொல்வார்களோ, அது இனிமேல்தான் தெரியும். ஆனால் ஒப்பந்தம் நிற்கிறது, கொட்டகை திறந்திருக்கும். சரவணன் பெண்களுக்கெல்லாம் டீ சொன்னார்.

இனி இப்படி ஆகாமலிருக்க வனிதா ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாள்: லோடுக்குப் பன்னிரண்டு கட்டி இலவசம். அதைப் படித்துக் காட்டினாள். ஸ்டெல்லாவுக்குப் பிடிக்கவில்லை.

"எழுதிப்போட்டா அவரு கேட்டு வாங்குவாருங்க. கேட்டு வாங்கறது எப்படிங்க கொசுறாகும்?"

சிங்கப்பூரில் ஒன்பது வருடம் கப்பல் கப்பலாக ஒப்பந்தம் எழுதியவள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். லோடு ஏற்றுகிறவர் விரும்பினால் வைப்பார், எத்தனை என்பது அவர் இஷ்டம், வாங்குகிறவர் கேட்கக் கூடாது. கதவு சாத்தும் முன் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட வேண்டும், அன்றைய காகிதத்தில் ஏறிவிடும்.

ஸ்டெல்லா தலையாட்டினார். இந்த லோடுக்கு எத்தனை என்று போடட்டும் என்று வனிதா கேட்டாள்.

"ஒண்ணுமில்லைன்னு போடுங்க. அந்தப் பன்னெண்டையும் எறக்கிப்போடறேன். மூணு வருசமா வாங்கிப்போட்டு ஒரு நல்ல வார்த்த சொல்லல பாருங்க."

பதினான்கு பெண்களும் சிரித்தார்கள். வனிதா காகிதத்தில் சுழியம் போட்டாள். அவளும் சிரித்தாள், தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமாக. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அங்கே அவள் மருமகள். பந்தியில் கடைசியாக உட்காருவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள், சமையலில் உப்பு கூடினால் நான் ஒரு வார்த்தை சொல்லுவேன், அவள் இரண்டு வார்த்தையை முழுங்குவாள். வாயே இல்லாதவள் என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு மலை மேல் வெயில் சாய்ந்தது. பஸ் நிறுத்தத்தில் வழக்கம்போல என் பையை வாங்கக் கைநீட்டினாள். நான் கொடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் மடியிலிருந்த ஃபைலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம். உக்கடம் வரைக்கும் தூங்கு கண்ணு என்றேன்.