என் தாயார் திருத்திய அஞ்சலி நோட்டீஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவராக இருந்தேன். அன்னூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையானாலும் கோயில் நோட்டீஸானாலும் நான் பார்த்துத் திருத்தாமல் அச்சுக்குப் போனதில்லை.

அந்த மார்கழியில், தொண்ணூறை நெருங்கிய என் தாயார் படுக்கையில் விழுந்தார். மருத்துவர் கைவிரித்துவிட்டார். இழவுவீட்டு அவசரத்தில் பிழையோடு அச்சாகிவிடக் கூடாதென்று, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை முன்கூட்டியே எழுதி, தேதியை மட்டும் விட்டு, படத்தோடு அச்சகத்தில் கொடுத்தேன். 'கணவரை இழந்தபின் எவர் துணையுமின்றித் தனியொருவராய்ப் பண்ணையம் காத்து மக்களை ஆளாக்கியவர்' என்ற வரி எனக்கு மிகுந்த நிறைவளித்தது.

பதினைந்தே நாளில் தாயார் எழுந்து உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கத் தொடங்கினார். நிம்மதியில் அச்சகத்துக்குச் சொல்ல மறந்தேன். அச்சகக்காரர் புரூஃபோடு வீட்டுக்கே வந்து, வாசலில் இருந்த தாயாரிடமே நீட்டிவிட்டார்.

தாயாருக்கு எழுத்துத் தெரியாது. தம் படம் தெரியும். அதைச் சுற்றிய கறுப்புக் கட்டத்தின் பொருளும் தெரியும்.

நான் போனபோது நோட்டீஸ் அவர் மடியில் கிடந்தது. பெற்றவள் சாகுமுன்னே அஞ்சலி அச்சடித்தவன் என்று ஊர் பேசுமே எனப் பயந்தேன். அவரோ கோபிக்கவில்லை.

"போட்டோ நல்லாத்தான் இருக்குது. படி கண்ணு, கேப்போம்."

படித்தேன். 'தனியொருவராய்' என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"தனியாவா? உங்கப்பன் போனப்ப நீ மூணு மாசக் கொழந்தை. காச்சல்ல எனக்குப் பாலு வத்திப்போச்சு. நம்ம காட்டுல களையெடுத்தவதான் தம் புள்ளையோட உனக்கும் சேத்துக் குடுத்தா. அவளை ஊட்டுக்குள்ள உடமாட்டாங்க. பொறவாசல் பொடக்காளியில உக்காந்து குடுத்துப்போட்டுப் போவா. அவ பேரைப் போடு."

எனக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. அதுவரை ஒருவரும் இதை என்னிடம் சொன்னதில்லை.

"நோட்டீஸ்ல அதெல்லாம் எதுக்குங்கம்மா? பங்காளிங்க என்ன பேசுவாங்க?" என்றேன்.

"சாகப்போறது நானு. பங்காளி செத்தா அவன் நோட்டீசுல அவனிஷ்டத்துக்குப் போட்டுக்கட்டும்."

இரண்டாண்டு கழித்து அவர் மறைந்தார். அச்சகத்தில் அமர்ந்து, அவர் போடச் சொன்ன வரியை ஒருமுறை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். பெயரோடு அச்சாயிற்று.

கருமத்தன்று, எனக்குப் பால் கொடுத்த அந்த அம்மாளின் மகன் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியேதான் நின்றார். நோட்டீஸை இருமுறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 'உள்ளே வாங்க' என்று அழைக்க எனக்கு அன்று வாய் வரவில்லை. தாயாரை நினைக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே நினைவுக்கு வருகிறது.

சீர்திருத்த எண்ணத்தோடு நானே அந்த வரியை எழுதியதாக இன்றும் சிலர் மேடையில் புகழ்கிறார்கள். அது சரியன்று. நான் எழுதியது 'தனியொருவராய்' என்பது மட்டுமே. மற்றதைச் சொன்னவர் என் தாயார், வேண்டாமென்றவன் நான்.