மாங்காய்க் காம்பும் ஒரு பின்னூட்டமும்

இன்று காலை தோப்பில் செந்தூர மாங்காய் பறிக்கும்போது காம்பு ஒடிந்து, பால் கையில் பட்டுவிட்டது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு எங்கள் பக்கத்துச் சித்தூர் பிரௌசிங் சென்டர் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். மாங்காய்ப் பாலுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருங்கள், சொல்கிறேன்.

எல்லோரும் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நானும் எங்கள் ஊர் முதலமடையிலிருந்து பஸ் பிடித்துப் போய், ஒற்றை விரலால் தட்டித் தட்டி மாந்தோப்பு விவசாயம் பற்றி எழுதுவேன். "ஏனுங்க, பத்துப் பைசா வராத வேலைய எதுக்குங்க இப்பிடி மாஞ்சு மாஞ்சு பண்றீங்க?" என்பார் சென்டர்காரர். "நாலு வெவசாயிக்குப் பிரயோசனப்படட்டுமுங்க" என்பேன். பெரிய வள்ளல்தான் போங்கள்! நான் எழுதியதெல்லாம் ஒரே ஒருத்திக்காக.

என் தங்கை. மலைமேல் சின்னக்கானல் எஸ்டேட்டில் வேலை பார்த்த பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். "அவகிட்ட ஃபோன் பேசப்படாது, கடுதாசி போடப்படாது" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வலைப்பூ என்று ஒன்று இருப்பது, பாவம், அவருக்குத் தெரியாது! அங்கே ஒரு லாட்ஜில் கம்ப்யூட்டர் முன்னால்தான் அவளுக்கு வேலை என்று கேள்விப்பட்டு, அத்தை மூலமாக என் வலைப்பூ முகவரியை மட்டும் சேர்ப்பித்தேன்.

பூ உதிர்வது, தத்துப்பூச்சி, தண்ணீர் விடுவது என்று எழுதித் தள்ளினேன். யார் யாரோ பாராட்டினார்கள். அவளிடமிருந்து மட்டும் மூச்சுப் பேச்சில்லை. அப்பாவின் வைராக்கியம் அப்படியே அவளுக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் அவள் குணம் நினைவுக்கு வந்தது. யாராவது தப்பாகச் சொன்னால் அவளுக்குச் சோறு இறங்காது. தோப்புக்கு வரும் வியாபாரியையே நிறுத்தி வைத்துத் திருத்துவாள். ஆகவே ஒருநாள் வேண்டுமென்றே, 'மாங்காயைக் காம்பில்லாமல் ஒட்ட ஒடித்துப் பறிக்க வேண்டும்' என்று எழுதி வைத்தேன். மற்ற விவசாயிகள் என்னை மன்னிக்கட்டும்.

மறுநாளே, பேர் போடாமல் ஒரு பின்னூட்டம்: "ஏனுங்ணா, காம்ப ஒட்ட ஒடிச்சா பால் வடிஞ்சு காயெல்லாங் கருத்துப் போகாதுங்களா? தெரியலீன்னா அப்பாகிட்டக் கேட்டு எழுதுங்க!"

அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா காய் பறிக்கும் தொரட்டிக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். யார் எழுதியது என்று சொல்லாமல் படித்துக் காட்டினேன். அவர் கை நின்றது.

"இன்னொருக்கா படி."

படித்தேன். முகத்தைத் தோப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அம்மிணி சொல்றது சரிதான்" என்றார். அவளை அவர் கூப்பிடும் அந்த வார்த்தையை, அவள் போனதிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. மறுபடி வலையைக் கட்டிக்கொண்டே, "நாளைக்கும் எதையாச்சும் தப்பா எழுதுடா" என்றார்.

எழுதினேன். அவளும் விடாமல் திருத்தினாள். கடைசியில் அப்பாவே, "காயெல்லாம் சரியாத்தான் பறிக்கறமான்னு வந்து பாக்கச் சொல்லி எழுதுடா" என்றார். அந்த மாம்பழக் காலம் முடிவதற்குள் புருஷனோடு வந்து இறங்கினாள். அதோடு எனக்கு எழுத ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

அந்த சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் கடை. குடும்ப வாட்ஸப்பில் நான் எதையாவது தப்பாகப் போட்டால் இன்றைக்கும் தங்கைதான் முதல் ஆளாக வந்து திருத்துகிறாள். அதை இன்னொருக்கா படிக்கச் சொல்லிக் கேட்கத்தான் அப்பா இல்லை.