மாமா அடித்த முளைகள்

வேலியடியில் நின்றவர்கள்: அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான குஞ்சியப்பா, கைக்குழந்தையோடு அவர் பெண்சாதி, காக்கி உடுப்பில் அம்மாவின் அண்ணனான மாமா, பிறகு நான். எனக்கு எட்டு வயது.

மாமா எஞ்சினியர். உலகச் சண்டைக்கு முந்தி தெருவும் மதகும் கட்டினவர். சண்டை வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து கப்டன் ஆனார். எங்கள் ஊரில் விமானம் இறங்கப் பாதை போடும் பொறுப்பு அவருக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். முதல் நாள் இரவு மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா சேவல் கறி வைத்தார்.

விடியப் பார்த்தால் பாதைக்கு எல்லை காட்ட அடித்த முளைகள் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டன. குஞ்சியப்பாவின் புகையிலைத் தோட்டமும் அதற்கப்பால் இருந்த வீடும் பாதைக்குள் போயின. எங்களுக்கு ஒன்றும் போகவில்லை.

குஞ்சியப்பா பகிடியாகத்தான் கேட்டார். "என்ன மச்சான், உங்கடை கோடு தங்கச்சி வீட்டு வேலியைக் கண்டு வெக்கப்படுதோ?"

மேலிடத்துப் பிளான், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் மாமா. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

குஞ்சியப்பா அப்பாவிடம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. முளை முதலே உதிலைதான் நிண்டதோ?"

அப்பா வேலிக் கிடுகில் ஓர் ஓலையை இழுத்தபடி நின்றார். அம்மா தேத்தண்ணி வைக்கவென்று உள்ளே போய்விட்டார்.

"ஓம்" என்றார் அப்பா.

எங்கள் மாமரம் தப்பியதென்று நான் துள்ளினேன். ஒருவரும் என்னை ஏசவில்லை.

அந்தக் கிழமையே குஞ்சியப்பா வீட்டார் வண்டில் கட்டிக் கரவெட்டிக்குப் போனார்கள். கிணறு இரு வீட்டுக்கும் பொது, எங்கள் வளவில் இருந்தது. குஞ்சியப்பா தன் துலாக்கயிற்றைச் சுருட்டி அப்பாவிடம் நீட்டினார். "கிணறு உங்கடை பக்கம் தப்பிட்டுது. கயிறு எனக்கென்னத்துக்கு?"

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அன்று சாப்பிடவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன்.

சண்டை முடிய மாமா திரும்பவும் எஞ்சினியராகிப் பெரிய உத்தியோகம் பார்த்தார். அவர் கட்டிய பாலங்கள் இன்னும் நிற்கின்றனவாம். எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

வேலியடியில் கதைத்த அன்று, குஞ்சியப்பா தண்ணீர் அள்ள வருமுன் குழிகளை மூடிவிடு என்று அப்பா என்னிடம் சொன்னார். எங்கள் வளவுக்குள் முதலில் முளை அடித்துப் பிறகு பிடுங்கிய குழிகள். பாதையின் அகலம் குறையாது என்பதும், எங்களுக்கு விட்ட நிலம்தான் மற்றக் கரையில் அவர் வீட்டைத் தின்றது என்பதும் எனக்குத் தெரியாது. விளையாட்டாக மண் தள்ளி, மிதித்து, எண்ணிக்கொண்டு போனேன்.

பதினொன்று.